மறுநிறுவலா, மீள்நிறுவலா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் நடக்கும் எங்கள் ஞாயிறு லினக்ஸ் (கணினி இயங்குதளம்) வகுப்பின் கையேடு இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. இணையம் இல்லாத கணினியில் பேக்கேஜை, அதாவது ஒரு மென்பொருளின் கோப்புகள் அடங்கிய கட்டை, ரீஇன்ஸ்டால் செய்யும் பாடத்துக்குத் தலைப்பு மட்டும் முடிவாகவில்லை. பேக்கேஜுக்குச் 'சிப்பம்' போதும். வெல்ல மண்டிகளில் இன்றும் வழங்கும் சொல் அது. 'பொதி' என்றால் சுமைதான் முன்னே நிற்கிறது. ஆஃப்லைனுக்கு 'இணையமின்றி' என்பதில் யாருக்கும் மறுப்பிருக்காது.

ரீஇன்ஸ்டாலின் 'ரீ' என்ற முன்னொட்டுக்கு 'மறு'வா, 'மீள்' என்பதா என்பதில்தான் சிக்கல். லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனில், சிப்பங்களை இறக்கி நிறுவும் ஆப்ட்-கெட் கட்டளையை ரீஇன்ஸ்டால் விருப்பத்துடன் இயக்கினால், அது சிப்பத்தை நீக்குவதில்லை. அதே பதிப்பை இருப்பதன் மேலேயே விரித்துக் கெட்ட கோப்புகளைச் சரிசெய்கிறது, நாம் திருத்திய அமைவுக் கோப்புகளை அப்படியே விட்டுவிடுகிறது. முன்பு இறக்கிய டெப் கோப்பு (டெபியன் சிப்பக் கோப்பு) ஆப்ட் அவற்றைச் சேமிக்கும் கிடங்கில் கிடந்தால் இணையமே வேண்டாம். கிளீன் கட்டளையால் கிடங்கைத் துடைத்திருந்தால் டெபியன் டிவிடியிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ கொண்டுவர வேண்டும். பின்னதில், கையிலுள்ள டெப் கோப்பை நேரடியாக நிறுவும் டிபிகேஜியைக் கொண்டு நிறுவினால், அது இயங்கத் தேவையான சார்புச் சிப்பங்களில் கணினியில் இல்லாதவற்றையும் நாமே திரட்டியாக வேண்டும். ஆனால் பர்ஜ் கட்டளையால் அமைவுக் கோப்புகளோடு நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவது முற்றிலும் வேறு செயல். அதற்கு 'மறுநிறுவல்' இருக்கட்டும். பழைய நிலைக்குக் கொண்டுவரும் முன்னதற்கு 'மீள்நிறுவல்' என்பதே தகும். 'மறு' களங்கத்தையும் குறிக்கும். 957ஆம் குறளில் மதியின் மறு அதுதான்.

மும்பையிலிருந்து:

ஐயா, 'மீள்' தன்வினை. மீள்நிறுவலை வினைத்தொகையாக விரித்தால் மீண்ட, மீள்கின்ற, மீளும் நிறுவல் என்றாகி, நிறுவலே எங்கிருந்தோ திரும்பி வருவதாகப் பொருள்படும். சிப்பத்தை மீட்பவர் நாம் அல்லவா? மறுநாள், மறுபிறவி, மறுமணம் என்று நாளும் எழுதுகிறோம். அவற்றில் எவரும் களங்கத்தைக் காண்பதில்லை. மாதுங்காவில் என்னிடம் பயிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுமொழி மட்டுமே. இரண்டு முன்னொட்டுகளுக்கும் இடையிலான நுண்மை அவர்களைச் சேராது.

தில்லியிலிருந்து:

கன்னடத்திலும் 'மரு' இதே பொருளில் வழங்குவதால், பெங்களூரு மாணவர்க்கும் 'மறுநிறுவல்' எளிதில் பிடிபடும். அச்சு நாள் நெருங்கிவிட்டது. என் வாக்கும் அதற்கே.

பெங்களூருவிலிருந்து:

பெரும்பான்மைப்படி 'இணையமின்றிச் சிப்பங்களை மறுநிறுவுதல்' என்றே அச்சிடுகிறேன். வினைத்தொகைத் தடை வலுவானதுதான், ஆனால் மீள்பார்வையை ஏற்றுக்கொண்டவர்கள் மீள்நிறுவலை மட்டும் ஏன் தள்ள வேண்டும் என்பதற்கு விடை வரவில்லை. பர்ஜ் செய்து நிறுவுவதற்கு இப்போது தனிச்சொல் இல்லாமற் போனதால், அப்பாடத்தில் செயலை முழு வாக்கியமாகவே விளக்கியிருக்கிறேன்.