பைமாலில் ஹீமோகுளோபினைச் சுழற்றினால் சர்ஃபேஸ் வெட்டுப்படுகிறது, கோஆர்டினேட்டும் மாறிவிடுகிறது

கேள்வி:
மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமால் மென்பொருளில் 4எச்எச்பி (ஆக்சிஜன் ஏறாத மனித ஹீமோகுளோபின், துல்லியம் 1.74 ஆங்ஸ்ட்ராம்) மாதிரியைச் சர்ஃபேஸாக (வெளிப்பரப்பாக)க் காட்டி, ஒய் அச்சில் ஒரு முழுச் சுற்று வீடியோ எடுக்க வேண்டும். ‘ரொட்டேட் ஒய், 3, ஆல்’ என்பதை 120 முறை லூப்பில் ஓட்டினேன். ஒவ்வொரு படிக்கும் திரை நின்று நின்று நகர்கிறது. ஏ என்ற புரதச் சங்கிலியின் ஹீமில் (ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்புப் பகுதி) ஜூம் செய்துவிட்டுத் தொடங்கியதால் மூலக்கூறு இருந்த இடத்தில் சுற்றாமல் வட்டமடிக்கிறது, நடுவில் முன்பக்கம் கத்தியால் சீவியதுபோல் திறந்துகொள்கிறது. லூப்பைப் பாதியில் நிறுத்திச் சேமித்த பிடிபி கோப்பில் (அணுக்களின் இட எண்கள், அதாவது கோஆர்டினேட் உள்ள கோப்பு) மூலக்கூறு, முன்பே குறித்து வைத்த டாக்கிங் பெட்டிக்கு (மருந்து மூலக்கூறு எங்கே ஒட்டும் என்று தேடும் எல்லை) வெளியே கிடக்கிறது.

பதில் 1:
கடைசிச் சிக்கல்தான் ஆபத்தானது, அதிலிருந்து வருகிறேன். ‘டர்ன்’ கேமராவைத்தான் சுற்றும், அணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘ரொட்டேட்’டுக்குத் தேர்வு கொடுத்தால் அணுக்களின் எக்ஸ், ஒய், இசட் எண்களையே மாற்றி எழுதும். எண்கள் மாறினால் சர்ஃபேஸையும் முதலிலிருந்து கணக்கிட்டாக வேண்டும். திரை நிற்பது அதனால்தான். ‘டர்ன் ஒய், 3’ கொடுங்கள், ஏற்கெனவே கட்டிய சர்ஃபேஸ் அப்படியே சுழலும். சேமித்த அந்தக் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டு 4எச்எச்பியைப் புதிதாக இறக்குங்கள். எதிர்த்திசையில் சுற்றி மீட்கப் பார்க்காதீர்கள். ‘ரொட்டேட்’ இயல்பாகத் திரையின் அச்சையே எடுத்துக்கொள்ளும். இடையில் மவுஸால் திருப்பியிருந்தால் அந்த ஒய் இப்போதைய ஒய் அல்ல.

பதில் 2:
வட்டமடிப்பதும் வெட்டுப்படுவதும் ஒரே காரணத்தால். ஹீமில் ஜூம் செய்ததும் சுழற்சி மையம் அங்கே போய்விட்டது, முன், பின் கிளிப்பிங் தளங்களும் (இவற்றுக்கு இடையில் இருப்பது மட்டுமே திரையில் தெரியும்) ஹீமைச் சுற்றி நெருங்கிவிட்டன. அந்தத் தளங்கள் கேமராவோடு ஒட்டியவை, மூலக்கூறோடு சுழலாதவை. திரும்பும்போது முன் தளத்தைத் தாண்டி வரும் பகுதி வெட்டுப்படும்.

‘ஜூம் ஆல், 5, கம்ப்ளீட்=1’ கொடுத்தால் இரண்டும் சரியாகும். காட்சி நகராமல் மையம் மட்டும் மாற வேண்டுமென்றால் ‘ஆரிஜின் ஆல்’. பிடித்த கோணம் கிடைத்ததும் ‘கெட்_வியூ’ தரும் 18 எண்களை எடுத்து வையுங்கள்: முதல் 9 சுழற்சி அணி, அடுத்த 3 கேமராவின் இடம், அடுத்த 3 சுழற்சி மையம், கடைசி மூன்றில் இரண்டு கிளிப்பிங் தூரங்கள். 13 முதல் 15 வரையுள்ள எண்களைப் பார்த்தாலே மையம் எங்கே ஓடிவிட்டது என்று தெரியும்.

பதில் 3:
வீடியோவுக்குக் கை லூப் தேவையில்லை. ‘எம்செட் 1 எக்ஸ்120’, பிறகு ‘யுடில்.எம்ரோல் 1, 120, 1’. கடைசி 1-ஐ 0 ஆக்கிவிடாதீர்கள்: அது 1 ஆக இருந்தால் படி சரியாக 3 டிகிரி, 120-ஆவது ஃப்ரேம் 357 டிகிரியில் முடியும். 0-வும் 360-ம் இரண்டுமே இருந்தால் ஒரே படம் இருமுறை வந்து, வீடியோ திரும்ப ஓடும் இடத்தில் ஒரு சிறு தயக்கம் தெரியும். நிழல் அமைப்பான ‘ரே_ஷேடோஸ்’ஸை 0 ஆக்குங்கள், விளக்கும் கேமராவோடு நிற்பதால் நிழல்கள் சர்ஃபேஸ் மேல் ஊர்ந்து கண்ணை உறுத்தும்.

இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான கைமெராஎக்ஸில் என்றால் ‘மூவி ரெக்கார்ட்’, ‘டர்ன் ஒய் 3 120’, ‘வெயிட் 120’, ‘மூவி என்கோட்’. ‘வெயிட்’டை மறந்தால் சுற்று முடியுமுன்பே பதிவு முடிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
வெட்டு போய்விட்டது, நன்றி. ஆக்சிஜன் ஏறும்போது ஒரு ஆல்ஃபா-பீட்டா சங்கிலி ஜோடி (ஏ, பி ஒன்று; சி, டி மற்றொன்று) மற்றதைப் பொறுத்துச் சுமார் 15 டிகிரி திரும்புமே, அதை உணர்த்த சி, டி சங்கிலிகளை மட்டும் திருப்ப முடியுமா?

பதில் 1:
முடியும். ‘எக்ஸ்ட்ராக்ட் ஜோடி2, செயின் சி+டி’ என்று தனிப் பொருளாகப் பிரித்துவிட்டு, ‘ரொட்டேட் இசட், 15, ஆப்ஜெக்ட்=ஜோடி2, கேமரா=0’. ஆப்ஜெக்ட் என்று கொடுத்தால் உருவம் மட்டும் திரும்பும், அணு எண்கள் மாறா. பிரிக்காமல் சி, டிக்கு மட்டும் சர்ஃபேஸ் காட்டினால் ஜோடிகள் ஒட்டும் இடம் ஓட்டையாகத் தெரியும், ஏனென்றால் ஒரே பொருளுக்குள் புதைந்த பகுதிக்குப் பைமால் சர்ஃபேஸ் கட்டாது. இசட் என்பது உண்மையான திருப்ப அச்சு அல்ல, காட்சிக்கான தோராயம். அதைப் படக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.