புதுப்பிப்பு: டோங்காவில் கீபோர்டு வகுப்பு, எண் சுரத்தோடு

பசிபிக் தீவு நாடான டோங்காவுக்கு இசை சொல்லிக்கொடுக்கப் போகும் வயதான மிஷனரி தம்பதிகள் என்ன கொண்டுபோகலாம் என்ற முந்தைய இழையில் விடுபட்டவை இவை.

அங்கே 240 வோல்ட். அடாப்டரில் '100–240' என்றிருந்தால் பிளக் மாற்றி போதும். வெறும் 120 என்றால் செருகியதும் புகைந்துவிடலாம்.

ஓசையை நீட்டும் பெடலை மிதித்தால் ஓசை அறுந்து, விட்டால் நீள்கிறதா? பெடல் கெடவில்லை. பல கீபோர்டுகள் சுவிட்ச் போடும் நொடியில் பெடலின் நிலையைப் பார்த்துக்கொள்ளும். அணைத்து, காலை எடுத்துவிட்டு, மறுபடி போடுங்கள்.

இனி முக்கியமானது. டோங்கப் பாடகர் குழுக்கள் மேற்கத்திய ஐந்துகோட்டு முறையைவிட எண் சுரத்தில், அதாவது சுரங்களை எண்களால் எழுதும் முறையில், கெட்டி. 1866இல் டூபோ கல்லூரியை நிறுவிய மெதடிஸ்ட் மிஷனரி ஜேம்ஸ் ஈகன் மௌல்டன் வகுத்த முறை அது. 3 தான் 'டோ' (நம் ச), 9 'டி' (நம் நி). நம் ஆதார சட்ஜம் போல 3 இடம் மாறும். அதை ஒதுக்கிவிட்டுக் கோடுகளில் தொடங்குவது வீண் வேலை.

முதலில் சி மேஜரில் (சி கட்டைதான் 3) வலது கை ஐந்து விரலுக்கு 3 முதல் 7. அடுத்து இடது கைக்கு மூன்றே கார்டு (சேர்த்து அழுத்தும் சுரங்கள்): 3‑5‑7, 6‑8‑3, 7‑9‑4. பல எளிய துதிப்பாடல்களுக்கு இவையே போதும். ஜி மேஜருக்குப் (ஜி கட்டை 3) போனதும் 9 கறுப்புக் கட்டையில் விழும். பழக்கத்தில் வெள்ளை எஃப்பை அழுத்துவார்கள். அந்தக் கறுப்புக் கட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்தது.

ஞாயிறு அங்கே சட்டப்படி ஓய்வுநாள். பேட்டரியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.