தேன் பிராண்ட் பெயரை இன்னொருவர் பயன்படுத்துகிறார், என்ன செய்யலாம்?

வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் நானும் அக்காவும் தேன் வியாபாரம் செய்கிறோம். போன ஆவணியில் தொடங்கினோம். இப்போது எங்கள் பிராண்ட் பெயரிலேயே ஒருவர் இன்ஸ்டாகிராமில் தேன் விற்கிறார். அதே பெயரில் டாட் இன் (.in) இணையதள முகவரியையும் வாங்கி வைத்திருக்கிறார்.

படம்கூட எங்களுடையதுதான். ரப்பர் தோட்டத்தில் நாங்கள் வைத்த தேனீப் பெட்டி. மஞ்சள் பெயின்டில் அக்கா எழுதிய 7 அதில் அப்படியே தெரிகிறது. அங்கே வாங்கியவர்கள் பாகு மாதிரி இருக்கிறது என்று எங்களிடம் சண்டைக்கு வருகிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு உண்டு, சரி. ஆனால் அது ஊருக்கே பொது. எங்கள் பிரச்சினை பிராண்ட் பெயர்.

இதுவரை செய்தது: அவருக்கு மெசேஜ் அனுப்பினேன், பிளாக் செய்துவிட்டார். இன்ஸ்டாகிராமில் புகார் கொடுத்தேன். படத்தை எடுத்துவிட்டார்கள், பெயருக்கு மட்டும் டிரேட்மார்க் பதிவு எண் கேட்கிறார்கள். 4,500 ரூபாய் கட்டி, தேன் வரும் 30ஆம் வகுப்பில் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்துவிட்டோம், இன்னும் பரிசீலனைக்கு வரவில்லை. வந்தாலும் டிரேட்மார்க் அலுவலக இதழில் வெளியாகி, ஆட்சேபத்துக்கு நான்கு மாதம் விட வேண்டும். அதற்குள் தேன் சீசனே முடிந்துவிடும். ஜிஎஸ்டி பதிவும், உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழும் இருக்கின்றன. அவை பெயருக்கு உரிமை தராது என்கிறார் ஆடிட்டர். முதல் பில்லிலிருந்து லேபிள் அச்சடித்த ரசீது வரை எல்லாம் கைவசம் உள்ளன.

பதிவு கிடைக்கும் முன்பே, பெயரை முதலில் பயன்படுத்தியது நாங்கள்தான் என்ற முன்பயன்பாட்டு ஆதாரத்தை வைத்து நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?