கார்ஸ்டன் சோல்ஹெய்ம்: பிங் மட்டைகளில் அவர் உண்மையில் மாற்றியது என்ன?

கேள்வி: வளவன்

கோல்ஃப் மட்டை செய்யும் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹெய்ம் பற்றி விரிவான கட்டுரை ஒன்று தயாரிக்கிறேன். 1911இல் நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்தார், சிறு பிள்ளையாக சியாட்டில் வந்தார், செருப்புத் தொழிலாளியாக இருந்து ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர் ஆனார், 2000 பிப்ரவரியில் பீனிக்ஸில் இறந்தார் என்பது வரை சிக்கல் இல்லை. தெளிவு வேண்டியது மூன்று இடங்களில்.

"மட்டைத் தலையின் எடையை ஓரங்களுக்குத் தள்ளினார்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதனால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று யாரும் கணக்குக் காட்டுவதில்லை. அடுத்தது, சம்பள வேலையை எந்தக் கட்டத்தில் விட்டார், அப்போது கையில் என்ன இருந்தது? கடைசியாக, பிங்கின் ஐ 2 அயர்ன்களின் (உலோகத் தலை மட்டைகளின்) குரூவ் வழக்கு, அதாவது முகப்பில் உள்ள பள்ளக் கோடுகள் பற்றிய வழக்கு. மட்டையே விதியை மீறியதா, அளந்த முறையில் தகராறா?

பதில் 1: இயந்திரவியலான்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பட்டர் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை. அதன் தலையில் ஷாஃப்ட் (தண்டு) சேரும் பக்கம் ஹீல், எதிர்ப்பக்கம் டோ. பந்து நடுவில் படாமல் டோ பக்கம் பட்டால் தலை பின்னோக்கித் திரும்பும். வலது கை ஆட்டக்காரருக்கு முகப்பு வலப்பக்கம் திறக்கும். ஆற்றலில் ஒரு பங்கு அந்தச் சுழற்சிக்கே போய்விடும். பந்து வலப்பக்கம் விலகும், குழிக்கு முன்பே நின்றும் விடும். இந்தத் திரும்பலை எதிர்ப்பது நிலைமத் திருப்புத்திறன். அதில் தூரம் இருமடியாக வருவதால்தான் ஓரத்து எடைக்கு இவ்வளவு வலு.

350 கிராம் எடை, 11 செ.மீ. நீளம் கொண்ட சீரான பட்டை ஒன்றை எடுங்கள். 350 × 121 ÷ 12, அதாவது சுமார் 3,530 கிராம்·செ.மீ.². இப்போது அதே 350 கிராமில் 100 கிராமை மட்டும் பட்டையாக விட்டு, 125 கிராம் வீதம் இரு பக்கமும் மையத்திலிருந்து 4.5 செ.மீ. தள்ளி வையுங்கள். ஓரங்களுக்கு 250 × 20.25 = 5,062. நடுப்பட்டைக்கு 1,008. கூட்டினால் 6,070. ஒரு கிராம்கூடக் கூடவில்லை, திரும்பலுக்கான எதிர்ப்பு 1.7 மடங்கு.

கிழக்குக் கரையில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்தபோது, 42 வயதில்தான் அவர் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். பட்டிங் சரிவரவில்லை. ஐஸ் குச்சிகளில் சர்க்கரைக் கட்டிகளை ஒட்டிவைத்துத்தான் இந்த அமைப்பை முதலில் யோசித்துப் பார்த்தார். 1959இல் கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் வீட்டு கராஜில் செய்த 1ஏ மாடல் பந்தைத் தொட்டதும் மணிபோல் ஒலித்தது. நிறுவனத்தின் பெயரும் அந்த ஒலிதான்.

கட்டுரைக்காக ஒரு பட்டரை நேரில் சோதிக்க முடிந்தால் இப்படிச் செய்யுங்கள். கிரிப்பின் (கைப்பிடியின்) மேல்முனையை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, முகப்பை ஒரு நாணய விளிம்பால் ஹீலிலிருந்து டோ வரை சிறிது சிறிதாகத் தட்டிக்கொண்டே போங்கள். தலை முறுகாமல் நேராகப் பின்னே போகும் புள்ளிதான் மையம். அங்கிருந்து இரு பக்கமும் 1 செ.மீ. தள்ளித் தட்டினால் பழைய பிளேடு (மெல்லிய தலை கொண்ட பட்டர்) வெடுக்கென்று திரும்பும். சோல்ஹெய்மின் ஆன்ஸர் பட்டர் வகை அந்த அளவுக்குத் திரும்பாது. கிரிப்பை இறுக்கிப் பிடித்தால் சோதனை பலிக்காது, விரல்களே முறுக்கைத் தடுத்துவிடும்.

பதில் 2: பழையஏடு

வேலையை விட்ட கட்டத்துக்கு வருகிறேன். 1959க்கும் 1967க்கும் இடையில் எட்டு ஆண்டுகள் அவர் சம்பளத்தையும் கராஜையும் சேர்த்தே நடத்தினார். இதைத் தாண்டிப் போகும் கட்டுரைகள் அவரை எல்லாவற்றையும் துறந்து குதித்தவராகக் காட்டிவிடுகின்றன. அது சரியல்ல. அந்தப் பொறுமையை விட்டுவிட்டு அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

1961இல் நிறுவனம் அவரை பீனிக்ஸுக்கு மாற்றியது, கராஜ் தொழிலும் அரிசோனாவுக்குக் கூடவே போனது. 1962இல் ஜான் பார்னம் கேஜன் கிளாசிக் போட்டியை வென்றபோது, பிங் பட்டரோடு பிஜிஏ சுற்றில் (அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரில்) கிடைத்த முதல் வெற்றி வந்தது. 1966 ஜனவரியில், கையில் கிடைத்த இசைத்தட்டு உறை ஒன்றின் மேல் ஆன்ஸரை வரைந்தார். 1967இல் மூன்றும் ஒன்றாகக் கூடின: ஜூலியஸ் போரோஸ் ஆன்ஸரை வைத்து பீனிக்ஸ் ஓப்பனை வென்றார், மார்ச்சில் காப்புரிமை கிடைத்தது, பிறகு அவர் வேலையை விட்டு கார்ஸ்டன் மேனுஃபாக்சரிங் கார்ப்பரேஷனைப் பதிவு செய்தார். அப்போது வயது 55. 1969 மாஸ்டர்ஸ் போட்டியை ஜார்ஜ் ஆர்ச்சர் பிங் பட்டரோடு வென்றது அதற்குப் பிறகு.

மனைவி லூயிஸ் சோல்ஹெய்மை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். கணக்கு, கடிதம், ஆர்டர் எல்லாம் தொடக்கம் முதல் அவர் கையில்தான் இருந்தன. 1990இல் தொடங்கிய, ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் அணிகள் மோதும் சோல்ஹெய்ம் கோப்பையும் இந்தக் குடும்பத்தின் பெயரில்தான் நடக்கிறது.

பதில் 3: வார்ப்படம்

குரூவ் விவகாரம் புரிய உற்பத்தி முறையிலிருந்து தொடங்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அவர் ஃபோர்ஜ் செய்த (அடித்து வடித்த) அயர்ன் தலைகளின் பின்புறத்தை மில்லிங் இயந்திரத்தில் குடைந்தார். உழைப்பு அதிகம், குடையக்கூடிய அளவும் குறைவு. 1969இல் வந்த கார்ஸ்டன் 1 மெழுகு வார்ப்பில் செய்தது. மெழுகு மாதிரியைப் பீங்கான் குழம்பில் பலமுறை தோய்த்துக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, பீங்கான் கூட்டைச் சுட்டு, உருகிய எஃகை ஊற்றி, ஆறியதும் கூட்டை உடைப்பார்கள். பின்புறக் குழி, தடித்த விளிம்பு எல்லாம் ஒரே வார்ப்பில் வந்துவிடும். எஃகு ஆறும்போது ஏறத்தாழ 2 சதவீதம் சுருங்கும், மெழுகும் சற்றுச் சுருங்கும். அச்சு அந்த அளவுக்குப் பெரிதாக இல்லாவிட்டால் தலையின் எடை குறையும். தடித்த விளிம்பும் மெல்லிய முகப்பும் சேரும் இடம் கடைசியில் உறைவதால் அங்கே நுண்துளை விழும். மெருகேற்றிய பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும் என்பது இன்னும் தொல்லை.

ஃபோர்ஜ் தலையில் அச்சால் அழுத்திய குரூவ் வி வடிவில் வரும். வார்ப்பில் யு வடிவம் இயல்பாக வரும். 1984இல் யுஎஸ்ஜிஏ (விதிகளை வகுக்கும் அமெரிக்க கோல்ஃப் சங்கம்) யு வடிவத்தை அனுமதித்தது. ஐ 2 அயர்ன்கள் அதற்கு முன்பே, 1982இல், வந்துவிட்டன. யு குரூவின் கூர்விளிம்பு அந்தக் காலத்து மென்மையான பலாட்டா பந்தின் தோலைக் கிழித்தது. 1985இல் சோல்ஹெய்ம் விளிம்பைச் சற்று வட்டமாக்கினார். தகராறு அங்கேதான் பிறந்தது.

விதி என்ன? குரூவின் அகலம் 0.9 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இரண்டு குரூவுக்கு இடைப்பட்ட தளம் அந்த அகலத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். கூர்விளிம்பு என்றால் எங்கிருந்து அளப்பது என்ற கேள்வியே எழாது. வட்ட விளிம்பில் குரூவ் எங்கே தொடங்குகிறது? சுவரிலிருந்து சுவர் என்றார் சோல்ஹெய்ம். முகப்போடு 30 டிகிரி சாய்ந்த கோடு வளைவைத் தொடும் புள்ளி என்றது யுஎஸ்ஜிஏ.

புரிவதற்காக எண்களை நானே எடுக்கிறேன். சுவருக்குச் சுவர் 0.80, இடைத்தளம் 2.40 என்றால் சரியாக மூன்று மடங்கு, தேறிவிடும். விளிம்பில் 0.1 மி.மீ. ஆரம் இருந்தால் 30 டிகிரிக் கோடு சுவரிலிருந்து 0.05 தள்ளித் தொடும். இரு பக்கமும் சேர்த்து அகலம் 0.90, தளம் 2.30. தேவைப்படுவதோ 2.70. மட்டை அதேதான், அளவுகோல் மாறியதும் விழுந்துவிடுகிறது. ஆகவே அளந்த முறையில்தான் தகராறு.

1987இல் யுஎஸ்ஜிஏ ஐ 2 விதிக்குப் புறம்பானது என்றது. 1989இல் 10 கோடி டாலர் கேட்டு சோல்ஹெய்ம் தரப்பு வழக்கு, 1990 ஜனவரியில் சமரசம். 1990 ஏப்ரலுக்கு முன் செய்த ஐ 2க்கள் செல்லும், அதன்பின் செய்பவற்றில் குரூவ் மாறும் என்று முடிந்தது. பிஜிஏ சுற்றோடு நடந்த வழக்கு தனி, அது 1993 ஏப்ரலில் தீர்ந்தது. இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். 2010இல் புதிய குரூவ் விதி வந்தபோது அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் பழைய ஐ 2 வெட்ஜைப் (குறுகிய தூரத்துக்கான, சாய்வு அதிகமான அயர்னை) பையில் வைத்து ஆட முடிந்ததற்குக் காரணம் அந்த 1990 சமரசம்தான்.

வளவன்

மிக்க நன்றி நண்பர்களே. 30 டிகிரிக் கணக்கைப் படமாகவே போட்டுவிடுகிறேன். பிங் அயர்ன் தலையில் உள்ள வண்ணப் புள்ளியும் அவர் காலத்ததா? அதைப் பற்றி ஒரு பத்தியாவது வேண்டும்.

பதில் 4: இயந்திரவியலான்

ஆமாம், 1970களில் வந்தது. புள்ளி காட்டுவது லை கோணம், அதாவது தலை தரையில் அமரும்போது ஷாஃப்ட் நிற்கும் சாய்வு. கறுப்பு பொது அளவு. நீலம், பச்சை, வெள்ளை எனப் போகப் போக நிமிரும். சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு எனப் போகப் போகப் படுக்கும். உயரமும், மணிக்கட்டிலிருந்து தரைவரை உள்ள தூரமும் தொடக்க நிறத்தைத் தரும். அடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லை பிசகினால் பந்து விலகும் கோணம், லாஃப்டின் (முகப்பு பின்னோக்கிச் சாய்ந்த கோணத்தின்) டேன்ஜன்ட்டைப் பிசகால் பெருக்கினால் ஏறத்தாழ வந்துவிடும். 27 டிகிரி அயர்னில் 1 டிகிரி பிசகுக்கு அரை டிகிரிதான். 48 டிகிரி வெட்ஜில் 1.1 டிகிரி, 110 மீட்டரில் 2 மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். நீண்ட அயர்னை மட்டும் அடித்துப் பார்த்து நிறத்தை முடிவு செய்பவர்கள் வெட்ஜில் மாட்டிக்கொள்வது இதனால்தான். வலது கைக்காரருக்கு வெட்ஜ் தொடர்ந்து இடப்பக்கம் போனால் ஒரு நிறம் படுக்கும் பக்கமாக இறங்கிப் பாருங்கள்.