ஸ்கார்ப்பியோ பின்னால படுக்கை போட்டேன்: காலையில மெத்தைக்கு அடியில ஈரம், நடுவில தொய்வு. உதவுங்க

மலைப்பாதை:
வணக்கம். என்கிட்ட இருக்கிறது பழைய ஸ்கார்ப்பியோ, ஃபோர் வீல் டிரைவ். அப்பாவும் நானும் மாசம் ஒரு தடவை மலைப்பக்கம் கிளம்பிடுவோம். அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். லாட்ஜ் கட்டில்ல புரண்டுகிட்டே இருப்பார், வண்டியில படுத்தா அஞ்சே நிமிஷத்துல குறட்டை. அதனால பின் பக்கவாட்டு சீட்டைக் கழற்றிட்டு, நடு சீட்டோட முதுகை மடக்கி, 12 மி.மீ. பிளைவுட்ல மேடை அடிச்சேன். மேல நாலு அங்குல ஃபோம் மெத்தை.

கொல்லிமலையில ரெண்டு ராத்திரி படுத்தோம். காலையில மெத்தையைத் தூக்கினா அடிப்பக்கம் சொதசொதன்னு ஈரம். இப்போ பலகையில கறுப்புப் புள்ளியா பூஞ்சை வேற. பின்கதவு ரப்பர் பீடிங் ஒழுகுதுன்னு மெக்கானிக் சொன்னார். மாத்தியும் பார்த்தாச்சு, ஈரம் அப்படியேதான் இருக்கு. அப்பா இடுப்பு படுற இடத்துல பலகை தொய்யுது, அவருக்கு ஏற்கெனவே முதுகுவலி. ஓட்டும்போது கடகடன்னு சத்தமும் வருது.

மரத்தூள்:
தம்பி, ரெண்டு விஷயம் சொல்லுங்க. அன்னைக்கு மழை பெஞ்சுதா? ஈரம் பலகை முழுக்கவா, நீங்க படுத்த இடத்துல மட்டுமா?

மலைப்பாதை:
மழையே இல்லண்ணே. படுத்த இடத்துல மட்டும்தான், ஆள் வரைஞ்ச மாதிரி. நாமக்கல் பக்கம் ஒரு நாள் படுத்தப்போ ஈரமே இல்ல. கண்ணாடி எல்லாம் ஏத்திதான் படுப்போம், கொசுவுக்காக.

மரத்தூள்:
அப்போ ஒழுக்கு இல்ல. அது உங்க உடம்புல இருந்து வர்ற ஈரம். ஒரு ஆள் ராத்திரி முழுக்க மூச்சிலயும் தோல் வழியாவும் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணி விடுறாங்க. அது மெத்தைக்குள்ள இறங்கி, குளிர்ந்து கிடக்கிற பலகையில பட்டதும் தண்ணியாயிடுது. சமவெளியில பலகை அந்த அளவுக்குக் குளிராது, அதான் நாமக்கல்ல தெரியல. பலகை மூச்சு விடணும். நாலு அங்குலத்துக்கு ஒண்ணா, ஒரு அங்குல ஓட்டை போடுங்க. ஓட்டையோட உள்விளிம்புக்கும் வார்னிஷ் கட்டாயம், விட்டா பிளைவுட் அங்கிருந்துதான் ஊறி உரியும். பூஞ்சையைத் தேய்ச்சுக் கழுவி, நல்லா வெயில்ல காயவச்சப்புறம் வார்னிஷ் அடிங்க. என்னைக் கேட்டா, பலகையில ஓட்டை போடுறதைவிட ரீப்பர் கட்டைதான் (மெல்லிய மரச்சட்டம்) நல்லது. ரெண்டு விரல் இடைவெளி விட்டு வரிசையா அடிச்சா காத்து தாராளமா ஓடும்.

எதிரெதிர் கண்ணாடி ரெண்டையும் ஒரு அங்குலம் இறக்கி, உள்பக்கம் கொசுவலையை வெல்க்ரோ போட்டு ஒட்டுங்க. குளிருக்குப் பயந்து முழுசா மூடினா என்ன மெத்தை போட்டாலும் நனையும்.

தொய்வுக்கு 18 மி.மீ. பலகை வாங்க ஓடாதீங்க. முழு ஷீட் 30 கிலோவுக்கு மேல வரும். நடுவுல நீளவாக்குல ஒரு தாங்கல் கொடுங்க, ஒரு அங்குல சதுர பைப் போதும். தாங்கல் இல்லாத அகலம் பாதியானா தொய்வு எட்டுல ஒரு பங்காயிடும். கடகட சத்தத்துக்கு, இரும்பும் மரமும் உரசுற இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைங்க.

நாலுசக்கரம்:
மரத்தூள் அண்ணன் சொன்னதோட இன்னும் மூணு. மேடையை வண்டியோட வெல்டிங் பண்ணிடாதீங்க, கழற்றி எடுக்கிற மாதிரியே இருக்கட்டும். சீட்டையும் பயணம் முடிஞ்சதும் திரும்ப மாட்டிடுங்க. ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணியிருக்கு.

ரெண்டாவது, மேடையை நல்ல பெல்ட் போட்டு தரைக் கொக்கியில இழுத்துக் கட்டுங்க. சடன் பிரேக் அடிச்சா அந்தப் பலகை நேரா உங்க அப்பா பிடரிக்குத்தான் வரும்.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். குளிருதுன்னு இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்காதீங்க. கேஸ் அடுப்பு, கரி அடுப்பு எதையும் உள்ள பத்தவைக்காதீங்க. 2024 டிசம்பர்ல கேரளா வடகரையில, நிறுத்தியிருந்த கேரவனுக்குள்ள ரெண்டு பேர் செத்துக் கிடந்தாங்க. ஜெனரேட்டர்ல இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்துல இருக்கிறவருக்கு ஒண்ணுமே தெரியாது. கம்பளி இன்னொண்ணு எடுத்துக்கோங்க.

மலைப்பாதை:
அந்த மூணாவதைப் படிச்சதும் பக்குன்னு இருந்துச்சு. போன தடவை விடிகாலையில அரை மணி நேரம் ஹீட்டர் போட்டோம். இனிமே கிடையாது.

மலைப்பாதை (மூணு வாரம் கழிச்சு):
ரீப்பரே அடிச்சுட்டேன், பழைய பலகையைத் தூக்கிப் போட்டாச்சு. நடுவுல சதுர பைப், டியூப் ரப்பர், நாலு மூலையிலயும் பெல்ட். முந்தாநாள் கோத்தகிரியில படுத்தோம். காலையில முதல் வேலையா மெத்தைக்கு அடியில கையை விட்டுப் பார்த்தேன். அப்பா பக்கம் முழுக்கக் காய்ஞ்சிருந்துச்சு. என் பக்கம் கால்மாட்டுல மட்டும், பின்கதவை ஒட்டி, உள்ளங்கை அளவுக்குச் சில்லுனு இருந்துச்சு. சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. அப்பா எழுந்து உட்கார்ந்து இடுப்பைத் தடவிப் பார்த்துட்டு, "லாரி சீட்டு மாதிரியே இருக்குடா"ன்னார்.

மரத்தூள்:
கால்மாட்டுல மெத்தை கதவுத் தகரத்துல முட்டுது, அதான் சில்லுனு இருக்கு. ரெண்டு அங்குலம் முன்னாடி இழுத்துப் போடுங்க தம்பி.