பழைய ரவிவர்மா பிரஸ் படம்: பூஞ்சையை எப்படி எடுப்பது?

நண்பர்களே, ஒரு உதவி. அத்தை வீட்டுப் பரணில் கிடந்த பழைய லட்சுமி படம் என் பங்குக்கு வந்திருக்கிறது. பாத்திரம் பண்டமெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதில்தான் கொள்ளை சந்தோஷம். புடவைக் கரையில் யாரோ பொறுமையாக ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருக்கிறார்கள். கீழே பொடி எழுத்தில் ‘ரவிவர்மா பிரஸ், கார்லா லோனாவ்லா’ என்று இருக்கிறது. 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பிறகுதான் அந்தப் பக்கம் போனது. அதனால் ஆரம்பகாலப் படம் இல்லை, பரவாயில்லை, விற்கவா போகிறேன்!

பிரச்சினை, கண்ணாடிக்குள் பூஞ்சை. தாமரைப் பக்கம் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஃபிரேம் கடைக்காரர் ஈரத்துணி வைத்து எடுத்துவிடலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. சென்னை, மதுரைப் பக்கம் பழைய காகிதப் படங்களைச் சீர்செய்பவர் யாராவது தெரியுமா? அப்புறம், பின்பலகையில் கரையான் அரித்திருக்கிறது. இப்போதைக்கு அதை மட்டும் கழற்றி வைக்கலாமா?