கங்குங் தொட்டியில் பாதரசம் (புளோக் தோட்டக் குழு)

சரோஜா அக்கா, காலை 7:12
தோட்டத்துக்கு வருபவர்கள் கவனியுங்கள். ஓரத்துக் கங்குங் கீரைத் தொட்டியில் யாரோ பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். மண்மேல் மூன்று வெள்ளி முத்து உருளுகிறது. பிள்ளைகளை விடாதீர்கள்.

மணியம் அங்கிள், 7:15
ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டால் அடியில் போய்விடும் லா.

தேன்மொழி, 7:19
ஐயோ அங்கிள், தண்ணீர் வேண்டாம்! பாதரசம் யூரியா மாதிரி கரைந்து ஓடாது. மக்கிய எருவில் இருக்கிற கந்தகம் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், மேல்மண்ணிலேயே வருஷக்கணக்கில் கிடக்கும். நாம் மூட்டை மூட்டையாகக் கம்போஸ்ட் வேறு போட்டிருக்கிறோம்.

மணியம் அங்கிள், 7:21
பிடித்துக்கொண்டால் நல்லதுதானே? செடிக்குப் போகாது.

தேன்மொழி, 7:26
பாதி சரி. வேர் உறிஞ்சினாலும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். இலைக்குக் காற்று வழியாகத்தான் அதிகம் வரும், அந்த முத்து வெயிலில் ஆவியாகுமே. ஆனால் கங்குங் தொட்டி எப்போதும் சேறு. காற்றுப் புகாத சேற்றில் சில பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கிவிடும், உடம்பில் எளிதாகச் சேர்கிற நச்சு வடிவம் அது. ஜப்பானின் மினமாட்டா ஊரில் மீன் வழியாக ஜனங்களைப் படுத்தியது அதுதான்.

கலா, 7:28
அப்போ நெல் வயல்?

தேன்மொழி, 7:31
அதேதான் அக்கா. சீனாவில் குய்சோ மாநிலம், வான்ஷான், பழைய பாதரசச் சுரங்க ஊர். அங்கே மெத்தில் பாதரசம் உடம்புக்குள் போவது முக்கியமாகச் சோற்றில்தான். மேட்டு நிலத்து மக்காச்சோளத்தில் அவ்வளவு இல்லை. மண் ஒன்றுதான், தேங்கிய தண்ணீர்தான் வித்தியாசம்.

கலா, 7:33
கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையை 2001-ல் மூடினார்கள். மண்ணைச் சுத்தம் செய்கிற பேச்சு அப்புறம் எத்தனை வருஷம் ஓடியது!

சரோஜா அக்கா, 7:34
சரி, இப்போது என்ன செய்ய?

தேன்மொழி, 7:38
துடைப்பம், வேக்குவம் இரண்டும் கூடாது, சிதறி ஆவியாகும். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் முத்துகளைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி, மூடி இறுகும் போத்தலில் போடுங்கள். கங்குங்கை வேரோடு எடுத்துவிடலாம், அதையும் பையில் கட்டி வையுங்கள். சிங்க்கில், குப்பையில் கொட்டாதீர்கள். நகர மன்றத்தைக் கேட்டுக்கொண்டு கொடுப்போம்.

கலா, 7:40
நான் நேற்று சாயந்திரம் அதிலேதான் ஒரு கட்டு பறித்தேன். சம்பலும் செய்தாயிற்று 😰

மணியம் அங்கிள், 7:41
பயப்படாதே கலா, தாராளமாகச் சாப்பிடு. இன்று ஆறரைக்குத்தான் விழுந்தது.

சரோஜா அக்கா, 7:41
உங்களுக்கு எப்படித் தெரியும்?

மணியம் அங்கிள், 7:49
கையுறை எடுத்துக்கொண்டு கீழே வருகிறேன் 🙏